செய்யூர் உப்பிலும் கல்பாக்கம் உலையிலும் ஒரே சோடியம்

செய்யூர் உப்பளத்துப் பாத்தியில் வாரிக் குவித்த உப்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் வடகிழக்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டினால் கல்பாக்கம். அங்குள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலைக்குள் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட சோடியம், உருகிய உலோகமாக இருக்கிறது. இரண்டும் ஒரே தனிமம். ஒன்றைக் குழம்பில் போடுகிறோம். மற்றது தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும். உலைக்குள் நியூட்ரானில் பட்டால் கதிரியக்கம் பெறும்.

ஒரே தனிமத்துக்கு இப்படி வேறுவேறு முகம் எப்படி வந்தது? 9ஆம் வகுப்பின் அணு அமைப்புப் பாடமும் 10ஆம் வகுப்பின் அணுக்கரு இயற்பியல் பாடமும் சேர்ந்து சொல்வது இந்தக் கேள்விக்கான விடையைத்தான். ஆனால் பாடத்தில் அது பாரிசிலும் மான்செஸ்டரிலும் நடந்த கதையாக நின்றுவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அணு என்பது தொலைதூரச் செய்தியாக இருக்கத் தேவையில்லை. மணல், உப்பு, உடம்பு, மின்சாரம், அவ்வப்போது ஊருக்குள் எழும் அச்சம் என எல்லாவற்றிலும் அது கலந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி இந்தப் பொருளை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம்.

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். உள்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளிக்கூட்டில் தனியாக 1. அந்த ஒற்றை எலக்ட்ரானை யாரிடமாவது தள்ளிவிட அணு துடிக்கிறது. தண்ணீரோடு அது போடும் ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் இதுதான். குளோரின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள். அதற்கு ஒன்று தேவை. கொடுத்தாயிற்று, வாங்கியாயிற்று என்றால் உப்பு பிறக்கிறது, ஆர்ப்பாட்டம் அடங்கிவிடுகிறது. வேதியியல் முழுவதும் இந்த வெளிக்கூட்டு வியாபாரம்தான். எரிவது, துருப்பிடிப்பது, புளிப்பது, செரிப்பது எதுவும் அதற்கு உள்ளே போவதில்லை.

உள்ளே இருப்பது அணுக்கரு. சோடியத்தில் 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் அங்கே நெருக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. அணுவின் எடையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அங்கேதான். இடமோ மிக மிகச் சிறிது. 3 மில்லிமீட்டர் கல்லுப்பு ஒன்றைப் பாத்தியின் நடுவில் வைத்து அதை அணுக்கரு என்று கொண்டால், அணுவின் விளிம்பு எல்லாப் பக்கமும் சுமார் 80 மீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் எலக்ட்ரான்கள் உலவும் வெட்டவெளி. ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் 1909இல் மெல்லிய உலோகத் தகடுகளின் மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது பெரும்பாலானவை நேராகப் போய்விட்டதற்கும், ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் மோதித் திரும்பியதற்கும் இந்த வெட்டவெளியே விளக்கம். அதிலிருந்து ரூதர்ஃபோர்டு 1911இல் அணுக்கரு இருக்கிறது என்று சொன்னார். அதற்குள் நியூட்ரான் இருப்பதை ஜேம்ஸ் சாட்விக் 1932இல்தான் காட்டினார்.

உலையில் இருக்கும் சோடியத்தின் அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்கினால் சோடியம்-23 என்பது சோடியம்-24 ஆகிறது. எலக்ட்ரான்கள் அதே 11. ஆகவே வேதியியலுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. சோடியம்-24இலும் உப்புச் செய்யலாம், அதே கரிப்புத்தான் இருக்கும். ஆனால் அணுக்கரு நிலைகுலைந்திருக்கிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரான் வெளியே பாய்கிறது. இதுதான் பீட்டா சிதைவு. கூடவே காமா கதிரும் வெளியேற, சோடியம் மக்னீசியமாகிவிடுகிறது. பாதி அணுக்கள் இப்படி மாற 15 மணி நேரம் ஆகும்.

கதிரியக்கம் பற்றிய பாதிக் குழப்பம் இந்த இடத்தில் தெளிந்துவிடும். கதிரியக்கம் அணுக்கருவின் விவகாரம். சூடாக்கினாலும், அமிலம் ஊற்றினாலும், வேறு சேர்மமாக மாற்றினாலும் சிதைவின் வேகம் மாறாது. பூச்சிமருந்தை எரித்து அழிக்கலாம், அமிலத்தைச் சுண்ணாம்பால் முறிக்கலாம். கதிரியக்கக் கழிவை அப்படி ஒன்றும் செய்ய முடியாது. அடைத்துவைத்துக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பது எந்த அணு என்பதைப் பொறுத்தது. கதிரியக்கம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் பயப்படுவதற்கும் பயப்படாதே என்பதற்கும் முன்னால், எந்த அணு, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். இந்த மூன்றும் தெரியாமல் சொல்லப்படும் அச்சமும் ஆறுதலும் எனக்கு ஒரே தரத்தில்தான் தெரிகின்றன.

பாடப்புத்தகங்கள் கதிரியக்கத்தின் கதையை 1896இல் ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்பை ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்ததிலிருந்து தொடங்கி, கியூரி தம்பதியர் 1898இல் கண்ட பொலோனியம், ரேடியத்தில் முடிக்கின்றன. தவறில்லை. ஆனால் நம் கடற்கரைக்கு நெருக்கமான தனிமம் தோரியம். அதுவும் கதிர்வீசுகிறது என்பதை மேரி கியூரியும் ஜெர்மனியின் கெர்ஹார்டு ஷ்மிட்டும் 1898இல் தனித்தனியே கண்டார்கள். கனடாவின் மாண்ட்ரியாலில் இருந்த ரூதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிவதையும், அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதையும் 1900இல் அளந்து எழுதினார். அரை ஆயுட்காலம் என்ற கருத்து அந்த வாயுவில்தான் பிறந்தது. 1902இல் அவரும் ஃபிரடெரிக் சாடியும் சேர்ந்து, ஒரு தனிமம் தானாகவே இன்னொன்றாக மாறுகிறது என்று அறிவித்தார்கள். தனிமம் மாறாதது என்று நம்பியிருந்த வேதியியலாளர்களுக்கு அது சுலபமாக விழுங்கக்கூடிய செய்தியாக இல்லை.

அதே தோரியம் 1909இல் நம் பக்கம் வந்து சேர்ந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமம் இருப்பதை ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் எழுந்தது இதன் பின்னர்தான். அந்நாளில் தோரியத்துக்கு மதிப்பு அணுசக்தியால் வரவில்லை, விளக்குத் திரியால் வந்தது. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டிய அந்த வெள்ளை மேன்டிலில் இருந்தது தோரியம் ஆக்சைடுதான். நம் தாத்தாக்கள் கையால் கட்டிப் பற்றவைத்த கதிரியக்கப் பொருள் அது.

கல்பாக்கம் கடற்கரை மணலிலும் அங்கங்கே மோனசைட் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. கருமணல் கோடுகளைப் பார்த்து அதுதான் மோனசைட் என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைட்டுடையது. மோனசைட் தேன் நிறத்தில் அதற்குள் ஒளிந்திருக்கும். அலை இரண்டையும் சேர்த்தே ஒதுக்குகிறது. அங்கே கதிரியக்க அளவு இயற்கையாகவே சற்றுக் கூடுதல். உலை வருவதற்கு வெகு காலம் முன்பே அப்படித்தான். இதைச் சொன்னால் சிலர் உலையை நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்கிறார்கள். நியாயப்படுத்தல் இதில் ஒன்றும் இல்லை. உலையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டுமானால், மணலிலிருந்து எவ்வளவு வருகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

தோரியம்-232 நேரடியாக நிலையான பொருளாக மாறிவிடாது. ஆல்ஃபா துகள் வெளியேறினால் நிறை எண்ணில் 4, அணு எண்ணில் 2 குறையும். பீட்டா வெளியேறினால் அணு எண் 1 கூடும், நிறை எண் அப்படியே இருக்கும். தோரியம் 6 ஆல்ஃபாவும் 4 பீட்டாவும் உமிழ்ந்து முடிக்கும்போது 232 என்பது 208 ஆகிறது. 90 என்பது 12 குறைந்து 4 கூடி 82 ஆகிறது. 82 ஈயம். தேர்வில் கேட்கும் அதே கணக்கு, ஆட்கள் நடந்துபோகும் மணலில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. பூமியின் வயது 450 கோடி ஆண்டுதான். ஆகவே பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் பெரும்பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது.

அரை ஆயுட்காலத்தில் மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 15 மணி நேரத்தில் பாதி போனால் 30 மணி நேரத்தில் எல்லாம் போய்விடாதா? போகாது. மீதிப் பாதியில் பாதி போகும். எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது; அணுவுக்கு வயதும் இல்லை, மூப்பும் இல்லை. கோடானுகோடி அணுக்களின் கூட்டத்தில் எத்தனை பங்கு போகும் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லலாம். அந்தத் துல்லியத்தை நம்பித்தான் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் காலம் கணிக்கப்பட்டது. விண்கதிர்கள் கல்லில் உண்டாக்கிய பெரிலியம்-10, அலுமினியம்-26 எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அளந்து, அவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் வெளியிட்டார்கள்.

நம் உடம்பும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. இயற்கைப் பொட்டாசியத்தில் 10,000 அணுக்களுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40. வாழைப்பழம், இளநீர், கீரை, பருப்பு எதிலிருந்து வந்தாலும் அதே விகிதம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் நொடிக்கு 4,000க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைகின்றன. நொடிக்கு ஒரு சிதைவு என்பது 1 பெக்கரல். ஆகவே 4,000 பெக்கரல் என்று கேட்டவுடன் திடுக்கிட வேண்டாம். வாசகரே அந்த அளவில்தான் உட்கார்ந்திருக்கிறார். உடம்புக்கு எவ்வளவு பாதிப்பு என்பதைச் சொல்லும் அலகு வேறு, அது சீவர்ட். பெக்கரலையும் சீவர்ட்டையும் கலந்து எழுதும் நாளிதழ்ச் செய்திகளை நம்பாமல் இருப்பது நல்லது.

இனி உலை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலையிலும் இரண்டாம் அலகு 1985 ஆகஸ்டிலும் தொடர்வினையை எட்டின. எரிபொருள் இயற்கை யுரேனியம். அதில் 0.7 விழுக்காடுதான் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235. மீதி கிட்டத்தட்ட முழுக்க யுரேனியம்-238. மெதுவாக வரும் நியூட்ரான் யுரேனியம்-235ஐத் தாக்கினால் அது இரண்டாகப் பிளந்து, மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்களைத் தள்ளுகிறது. அவற்றின் வேகத்தைக் குறைக்கத்தான் கனநீர். ஒரு பிளவில் கிடைக்கும் ஆற்றல், ஒரு கரி அணு எரிவதில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ 5 கோடி மடங்கு. செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டு, எதிர்ப்புக்கு இடையே கட்டப்படாமலே போனது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு மலைமலையாக நிலக்கரி இறக்க வேண்டியிருந்திருக்கும். அணு உலைக்கு லாரிக் கணக்கில் எரிபொருள் போதும். பதிலுக்கு, எரிந்து முடிந்த அந்தச் சிறு அளவுக்குள் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்ற, சுமார் 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட பிளவுப் பொருள்கள் செறிந்திருக்கும்.

வீணாகக் கிடக்கும் யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை ஏற்று, இரண்டு பீட்டா சிதைவுகளுக்குப் பின் புளூட்டோனியம்-239 ஆகிறது. தோரியம்-232 அதே வழியில் யுரேனியம்-233 ஆகிறது. எரிபொருள் அல்லாததை எரிபொருளாக்கலாம் என்ற இந்த வாய்ப்பின் மேல்தான் ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டம் நின்றது: முதலில் கனநீர் உலை, பிறகு புளூட்டோனியத்தை எரிக்கும் ஈனுலை, கடைசியில் தோரியம். மூன்றுக்கும் கல்பாக்கத்தில் மாதிரி இருக்கிறது. 1971இல் தொடங்கி, பின்னர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தில் சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது. யுரேனியம்-233இல் ஓடும் காமினி என்ற 30 கிலோவாட் சிற்றுலை 1996இல் வந்தது.

ஈனுலையில் வேகமான நியூட்ரான்கள் தேவை. தண்ணீர் அவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் உருகிய சோடியம். 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் அழுத்தம் ஏற்றாமலே அதிக வெப்பத்தைச் சுமக்கிறது. விலை என்னவென்றால், தண்ணீரோடும் காற்றோடும் அது சேரவே கூடாது. 2004இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆறேழு ஆண்டுகளில் முடியும் என்ற வேலை 20 ஆண்டு இழுத்தது. மூன்றாம் கட்டம் எப்போது என்று கேட்பவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

சாதாரண நாளில் உலையிலிருந்து என்ன வெளியே வருகிறது? ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது, பாடத்தில் இல்லாத கேள்வியும் இதுவே. கல்பாக்கத்தின் பழைய இரு அலகுகளில் உலையைச் சுற்றிய அறையைக் காற்று குளிர்விக்கிறது. காற்றில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆர்கான். அதில் நியூட்ரான் பட்டால் ஆர்கான்-41 ஆகி, புகைபோக்கி வழியே போகிறது. அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிடம். இப்போது ஒரு கணக்கு. வாடைக்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கல்பாக்கத்திலிருந்து செய்யூர்ப் பக்கம் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வர 2 மணி நேரம். அதற்குள் பாதிக்கு மேல் ஆர்கான்-41 சிதைந்து, கதிரியக்கமற்ற பொட்டாசியம்-41 ஆகிவிடும். மீதியும் வழியெல்லாம் பரவி நீர்த்திருக்கும். 2 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கோ 8 நிமிடத்தில் வந்துவிடும், கிட்டத்தட்ட முழுதாக. கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தாரின் கவலையும் செய்யூராரின் கவலையும் ஒரே அளவில் இருக்க முடியாது.

கனநீரில் நியூட்ரான் பட்டு உண்டாகும் டிரிட்டியம் வேறு வகை. அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு, 2 மணி நேரக் காற்றுப் பயணம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் பீட்டா கதிர் தோலைத் தாண்டாது. ஆனால் அது தண்ணீராகவே இருப்பதால் குடித்தாலோ மூச்சில் இழுத்தாலோ உடம்பெங்கும் பரவும். பிறகு சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறும். இரண்டில் எது மோசம் என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடையாது.

உலக மக்கள் இயற்கையிலிருந்து பெறும் சராசரிக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதற்கு மேல் அணு நிலையத்தால் பொதுமக்களில் ஒருவருக்குச் சேரக்கூடியது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. பணியாளருக்கு எந்த ஓர் ஆண்டிலும் 30, ஐந்தாண்டுச் சராசரியில் 20. மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்றிலேயே சில மில்லிசீவர்ட் கிடைத்துவிடும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே கதிர்வீச்சுத்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கட்டியைக் கொல்லவும் பயன்படுகிறது. அங்கே 1950களிலேயே கோபால்ட்-60 சிகிச்சை தொடங்கிவிட்டது.

குறைந்த அளவுக் கதிர்வீச்சு நீண்ட காலம் பட்டால் புற்றுநோய் கூடுமா? அறிவியல் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் இடம் இது. மோனசைட் மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. அது மணலிலிருந்து வெளியிலிருந்தே படும் காமா கதிரைப் பற்றியது. உள்ளே போகும் டிரிட்டியத்துக்கோ ஆலைப் பணியாளருக்கோ அப்படியே பொருத்திவிட முடியாது. கல்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் சில நோய்கள் கூடுதல் என்று உள்ளூர்ச் செயல்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அணுசக்தித் துறை மறுக்கிறது. சில ஊர்களின் மக்கள்தொகையில் அரிய நோய் ஒன்று இரண்டு பேருக்கு வந்ததா நான்கு பேருக்கு வந்ததா என்பதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. கருநாகப்பள்ளி போல நீண்ட காலக் கணக்கெடுப்பு இங்கே நடந்து, விவரம் பொதுவில் வந்தால்தான் வாதம் நகரும்.

விவரம் பொதுவில் வருவது என்பதில்தான் கல்பாக்கத்தின் பலவீனம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கட்டுமானத்தில் இருந்த ஈனுலையின் பள்ளத்தில் கடல்நீர் புகுந்தது. ஊரே பார்த்தது, துறையும் உடனே பேசியது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது வேறு. 2003 ஜனவரி 21 அன்று மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதானதால், குறைந்த கதிரியக்கக் கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப் போன இடத்தில் உயர் கதிரியக்கக் கழிவு இருந்தது. எச்சரிக்க வேண்டிய கருவி அங்கே இல்லை. ஆறு பணியாளர்கள் ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியுலகுக்கு அது தெரியவர ஏறத்தாழ ஆறு மாதம் ஆனது. அப்போது நடப்பில் இருந்த 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் மௌனத்துக்குப் போதுமான இடம் கொடுத்திருந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012 அறிக்கையே குறைசொன்னது.

அளவீடு நடக்காமல் இல்லை. மின்நிலையம் இயங்குவதற்கு முன்பே கல்பாக்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வகம் அமைக்கப்பட்டுவிட்டது. இத்தகைய ஆய்வகங்கள் நிலையத்தைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை காற்று, நீர், பால், மீன், காய்கறி, மண் எடுத்துச் சோதிக்கின்றன. விபத்து நேர்ந்தால் செயல்படுத்தும் அவசரகாலத் திட்டத்தின் வட்டம் 16 கிலோமீட்டர். செய்யூர் அதற்கு வெளியே. ஆனால் அளவீட்டு வட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. அளந்த எண்கள் ஆங்கிலத் தொழில்நுட்ப அறிக்கைகளில் தூங்குகின்றன. இந்த ஆண்டு செய்யூர்ப் பக்கத்துப் பாலில் சீசியம்-137 எத்தனை பெக்கரல், முகத்துவாரத்து மீனில் எவ்வளவு, பொட்டாசியம்-40 எவ்வளவு என்று ஒரு பக்கத்துக்குத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பத் துறைக்குப் பெரிய செலவாகாது. 10ஆம் வகுப்பு ஆசிரியர் அரை ஆயுட்காலக் கணக்குக்குக் கற்பனை எண்களைத் தேட வேண்டியதும் இருக்காது.